சான்றுடன் மாறுபடும் உரிமை

நீலகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், வயநாட்டை ஒட்டிய பந்தலூர் வட்டத்தில் இருக்கிறது சேரங்கோடு. தேயிலைத் தோட்டமும் காடும் ஒன்றையொன்று ஊடறுத்துக் கிடக்கும் அவ்வூரில், இருட்டிவிட்டால் லயங்களின் கதவுகள் அடைபடுகின்றன. அரிசி வாடைக்கும் உப்புக்கும் சுவரை முட்டித் தள்ளும் யானைக்கு அஞ்சி, பிள்ளைகளை உள்ளறையில் உறங்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் விழித்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில், சேரம்பாடி, சேரங்கோடு வட்டாரத்தில் வீடுகளை இடித்துவந்த 'புல்லட்' என்னும் யானையை வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து அப்புறப்படுத்தினர். அவ்வாண்டு ஜனவரியில்தான், பந்தலூர் அருகே ஒரு தோட்டத்தில், வடமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி ஒருவரின் மூன்று வயது மகளைச் சிறுத்தை கொன்றது. சாலை மறியலும் இழப்பீட்டு அறிவிப்பும் நடந்தன. நாளிதழ்கள் இரண்டு நாள் செய்தி வெளியிட்டன. மூன்றாம் நாள் அச்செய்தி மறைந்தது.

இத்தகைய துயரம் ஏன் நேர்கிறது, அதன் வேர் எத்தனை ஆண்டு ஆழத்தில் கிடக்கிறது என்று வாரந்தோறும் மாதந்தோறும் வாசகருக்கு எடுத்துரைக்கும் எழுத்து இன்று அருகிவிட்டது. அப்படி எழுதியவர் நம்மிடையே ஒருவர் இருந்தார். திருநெல்வேலியில் 1912ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று பிறந்த மா. கிருஷ்ணன், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950ஆம் ஆண்டு முதல் 46 ஆண்டுகள் இயற்கையியல் பத்தி எழுதினார். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று அவர் மறைந்தார். அவருடைய கடைசிப் பத்தியும் அதே நாளில் அச்சாகி வெளிவந்தது. இந்திய இதழியலில் அறிவியல் சார்ந்த ஒரு பத்தி இத்தனை நீண்ட காலம் ஒரே கையால் எழுதப்பட்டதற்கு இணை காண்பது அரிது. அதனினும் அரிது, அந்தக் கை பெரும்பான்மைக் கருத்தோடு ஒத்துப்போக ஒருநாளும் அவசரப்படாதது.

மாறுபட்டு நிற்கும் துணிவு அவருக்குக் குடும்ப உடைமை. அவர் தந்தை அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய தமிழ் நாவல் முன்னோடி. பெண்கல்விக்காகவும் கைம்பெண் மறுமணத்துக்காகவும் தம் சமூகத்தின் சினத்தை ஏற்றுக்கொண்டு எழுதியவர். 1925ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில், பட்டப்படிப்பில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதிட்டுப் பேசி அமர்ந்த அவ்விடத்திலேயே மாதவையா உயிர்நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. பின்னர் அவர் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைத் தொகுத்து நூலாக்கிய பேராசிரியர் பி. எஃப். ஃபைசன் அவருடைய ஆசிரியர். பெயரறியாச் செடியொன்றின் முன் மண்டியிட்டு, அதன் இலையடுக்கையும் பூவின் உறுப்புகளையும் எண்ணிப் பார்த்த பின்னரே வாய் திறக்கும் பழக்கத்தை அந்த மலைப்பயணங்கள் மாணவருக்கு ஊட்டியிருக்க வேண்டும். அவர் வாழ்நாள் எழுத்து முழுவதிலும் அப்பழக்கம் தெரிகிறது.

பட்டங்கள் இருந்தும் நிலையான வேலை வாய்க்கவில்லை. இதழ்களுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தார், புகைப்படம் எடுத்தார், 1942ஆம் ஆண்டு, இன்று கர்நாடகத்தில் இருக்கும் சந்தூர் சமஸ்தானத்தில் பணியேற்று, ஆசிரியராகவும் நீதிபதியாகவும் விளம்பர அலுவலராகவும் இருந்தார். 1949ஆம் ஆண்டு சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பின், இனி எவர்க்கும் ஊழியம் செய்வதில்லை என்னும் உறுதியோடு சென்னைக்குத் திரும்பினார். அதன் பிறகு எஞ்சிய வாழ்நாள் முழுவதும் எழுத்தும் படமுமே அவருடைய வருவாய். பதவியின் நிழலை நாடாமையால் அவர் எவரையும் குளிர்விக்க வேண்டியிருக்கவில்லை. இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக அமர்ந்தபோதும், 1970ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றபோதும், அரசின் காட்டுக் கொள்கையில் பிழை கண்ட இடத்தில் பிழை என்றே எழுதினார்.

அவர் எவற்றில் மாறுபட்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய பத்தி தொடங்கிய அதே 1950ஆம் ஆண்டுதான் நடுவணரசு வனமகோத்சவ விழாவைத் தொடங்கியது. மரம் நடுவது எங்கும் எப்போதும் நன்மையே என்பது அன்றைய பொதுநம்பிக்கை. இன்றைய நம்பிக்கையும் அதுவே. கிருஷ்ணன் எழுப்பிய கேள்வி வேறு: நடப்படுவது எந்த மரம்? அயல்நாட்டு அலங்கார மரங்களைச் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் காடுகளிலும் கொண்டுவந்து நிரப்புவதை அவர் விடாமல் எதிர்த்தார். வேம்பும் புங்கனும் ஆலும் இருக்கும் நாட்டில், நம் பறவைக்குப் பழமும் நம் விலங்குக்குத் தழையும் தராத மரங்களை எதற்காக நட வேண்டும் என்றார். ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் நிலவமைப்பிலும் செடிகொடிகளிலும் உயிரினங்களிலும் வேர்கொண்டது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. வளர்ச்சியின் பேரால் எல்லாம் மன்னிக்கப்பட்ட காலத்தில் இது பிற்போக்காகத் தோன்றியது; அழகை வெறுக்கும் பிடிவாதம் என்றும் கருதப்பட்டது.

நீலகிரி இதற்கு விடை சொல்லிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட சீகையும் கற்பூர மரமும் மேல்மலையின் புல்வெளிகளை விழுங்கின. அழகுச்செடியாக இந்தியாவுக்குள் நுழைந்த உண்ணிச்செடி, முதுமலை, கூடலூர்க் காடுகளின் தரைப்பரப்பைப் புதராக மூடி, மானும் காட்டெருமையும் யானையும் மேயவேண்டிய புல்லை முளைக்கவிடாமல் செய்துவிட்டது. நிழலுக்காக நடப்பட்ட மஞ்சக்கொன்றை முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் பரவிவிட்டது; இன்று அரசு பொருட்செலவு செய்து அதை வேரோடு அகற்றிக்கொண்டிருக்கிறது. அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது 2022ஆம் ஆண்டில். ஒரு பத்தியாளர் எழுதிக்கொண்டே இருந்ததை அரசாணை ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியின் விலையைக் கொடுப்பவர்கள் தலைநகரத்தில் இல்லை; காட்டோரத்தில் இருக்கிறார்கள். கூடலூர் வட்டாரத்துப் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகத்துக் கைவினைஞர்கள் வெட்டிய உண்ணிக்கொம்புகளை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டகத்தின்மேல் வளைத்துப் பிணைத்து, மெய்யான யானையின் அளவில் உருவங்கள் செய்கிறார்கள். அவை 2021ஆம் ஆண்டு லண்டன் பூங்காக்களிலும் பின்னர் அமெரிக்காவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. யானையின் உணவை அழித்த செடியிலிருந்தே யானையைச் செய்து, தாம் கண்டறிந்த உண்மையை உலகத்தின் முன் நிறுத்திய அவர்களும் கிருஷ்ணனின் வாதத்துக்குச் சான்றளித்தவர்களே.

அவருடைய இரண்டாவது மாறுபாடு யானையைப் பற்றியது. 1968 முதல் 1970 வரை ஜவஹர்லால் நேரு நினைவு ஆய்வுநல்கை பெற்றுத் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகளைக் காடுகாடாகச் சென்று ஆராய்ந்தார். முதுமலைக் காடு அவருக்கு நன்கு பழகிய களம். வளர்ப்பு யானையின் முதுகிலிருந்தும் கால்நடையாகவும் காட்டு யானைகளை அணுகி, தாமே பல உறுப்புகளைப் பொருத்தி அமைத்த கனத்த கேமராவால் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். வண்ணப்படம் உலகெங்கும் பரவிய பின்பும் கறுப்பு வெள்ளையை அவர் கைவிடவில்லை. காட்டுக்குள் எதையும் மேம்படுத்த வேண்டாம், சாலையும் அணையும் தோட்டமும் அதைத் துண்டாட வேண்டாம், யானைக்கு வேண்டியது திரிவதற்குப் பரந்த நிலம் என்பதே அவர் கண்ட முடிவு. புலி, யானை போன்ற பெயர்பெற்ற விலங்குகளோடு நிற்காமல் அணில், தேரை, காகம், நாட்டு நாய் ஆகியவற்றுக்கும் அதே கவனத்தைத் தம் பத்தியில் அளித்தார். அவற்றின் கோட்டோவியங்களைத் தம் கையாலேயே வரைந்தார்.

சேரங்கோட்டின் வரலாற்றை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வாழ்வளிக்க, 1968ஆம் ஆண்டு அரசு காட்டு நிலத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே 1976ஆம் ஆண்டு தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, மக்கள் நாவில் 'டேன்டீ'யாக, உருக்கொண்டது. நாடற்றவர்களாக்கப்பட்ட உழைப்பாளிகளுக்கு வேலையும் கூரையும் கொடுத்தது நீதி. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் எந்தச் சரிவில் நட்டால் எந்த வழித்தடம் அடைபடும் என்று கேட்டுச் சொல்ல அன்று யாரும் அழைக்கப்படவில்லை. தனியார் தோட்டங்களும் குடியேற்றங்களும் அதன்மேல் பெருகின. யானைக்கும் தொழிலாளிக்கும் ஒரே நிலத்தை இரண்டு முறை வழங்கிவிட்டு, இருவரையும் இரவில் மோதவிட்டோம்.

பிடித்து வேறிடம் விடுவதே தீர்வு என்று நம்புவோர், 'பந்தலூர் மக்னா' எனப்பட்ட யானையின் கதையைக் கருதட்டும். 2022 நவம்பரில் ஒரு பெண்ணின் உயிர் பறிபோனதையடுத்து, டிசம்பரில் அதைப் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது எல்லை கடந்து வயநாட்டின் சுல்தான் பத்தேரி நகர வீதிக்குள் நுழைந்தது. கேரள வனத்துறை அதை மீண்டும் பிடித்து முகாமில் அடைத்தது. ஒரு மனித உயிர் போயிற்று. ஒரு யானை காட்டை இழந்தது. தடங்கள் அடைபட்டவாறே கிடக்கின்றன. சீகூர் யானை வழித்தடத்தை அரசு அறிவித்தது 2010ஆம் ஆண்டு. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2011ஆம் ஆண்டு. உச்சநீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது 2020 அக்டோபரில். அறிவித்த ஒன்றை நிலைநிறுத்தவே பத்தாண்டு என்றால், எச்சரிக்கையைப் புறக்கணிப்பதன் சுமை எத்தகையது என்பது விளங்கும்.

இவ்வளவும் கூறியதால், மாறுபட்டு எழுதுவோர் எல்லாரும் போற்றத்தக்கவர் என்று பொருள்கொள்ளலாகாது. இங்கிலாந்தின் 'சண்டே டெலிகிராஃப்' இதழில் 1990 முதல் 2019 வரை பத்தி எழுதிய கிறிஸ்டோபர் புக்கரும் பெரும்பான்மைக் கருத்தை எதிர்த்தவர்தாம். வெள்ளைக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) முகப்பூச்சு மாவை ஒத்தது, அதனால் வரும் தீங்கு அற்பம் என்று எழுதினார். புவி வெப்பமாதலை மிகைப்படுத்தப்பட்ட அச்சம் என்றார். பிரித்தானியாவின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை அவருடைய கல்நார்க் கூற்றுகளைப் பொதுவெளியில் மறுக்க வேண்டி வந்தது. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. பிரித்தானியா வெள்ளைக் கல்நாரை 1999ஆம் ஆண்டே தடைசெய்துவிட்டது. மறுப்புகள் வந்தும் அப்பத்தி தொடர்ந்தது.

இது தொலைதூரச் செய்தியன்று. கல்நார் கலந்த சிமென்ட் தகடுகளே நம் நாட்டின் எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் கூரை. இந்தியா கல்நாரை இறக்குமதி செய்கிறது. முழுத் தடை இன்னும் வரவில்லை. அச்சமில்லை என்று நாளிதழில் ஒருவர் உறுதியாக எழுதினால், அத்தகட்டை அறுத்துப் பொருத்தும் தச்சர் முகத்தில் துணி கட்டாமலே வேலை செய்வார். தூள் அவர் நெஞ்சுக்குள் இறங்கும். நோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். அப்போது பத்தியும் இருக்காது, பத்தியாளரும் இருக்கமாட்டார். பிழையான எதிர்க்குரலுக்கும் எளியவரே விலை கொடுக்கிறார்.

இருவரும் எதிர்நீச்சல் இட்டவர்கள். இருவரையும் வேறுபடுத்துவது எது? கிருஷ்ணன் தாம் மாறுபட்ட ஒவ்வொரு பொருளிலும் முதலில் களத்துக்குச் சென்றார். காலை எத்தனை மணி, காற்று எத்திசை, கூட்டத்தில் கன்று எத்தனை, எந்த மரத்தின் பட்டையை உரித்தன என்று குறிப்பெழுதினார். தம் முடிவுகளை நாளிதழ் வாசகருக்கு மட்டும் சொல்லி அமையாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் துறையறிஞர்கள் ஆராயும்படி முன்வைத்தார். பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதினார். அவருடைய எதிர்ப்பால் பயன்பெறக் காத்திருந்த தொழில் எதுவும் இல்லை. எதிராளியை எதிர்ப்பதற்கென்று தலைப்பைத் தேடுபவர் வேறு. பொருளை உற்று நோக்கியதால் எதிர்க்க நேர்ந்தவர் வேறு. முன்னவரின் முடிவு எழுத உட்காரும் முன்பே ஆயத்தமாக இருக்கும். பின்னவரின் முடிவு சான்று மாறினால் மாறும்.

இதே அளவுகோலால் கிருஷ்ணனையும் அளக்க வேண்டும். மனிதத் தலையீடு அறவே இல்லாத காப்பிடங்களே வனவுயிர்களைக் காக்கும் என்னும் அவருடைய நிலைப்பாட்டில், காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களுக்கு உரிய இடம் குறுகலாகவே இருந்தது. தேனெடுக்கும் காட்டுநாயக்கரும், வேட்டையும் வேளாண்மையும் அறிந்த முள்ளுக்குறும்பரும், வயலும் காடுமாக வாழ்ந்த பணியரும் காட்டின் பகைவர்களல்லர். அவர்களுடைய அறிவு காட்டின் காவல். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதை ஏற்றிருக்கிறது. இவ்விடத்தில் அவரோடு நாம் மாறுபடுகிறோம். சான்று காட்டி மறுக்க இடம்கொடுக்கும் எழுத்துக்கு அதுவே உரிய மரியாதை.

இனி நாளிதழ்களின் கடமைக்கு வருவோம். 46 ஆண்டுகள் எழுதியது கிருஷ்ணனின் பெருமை என்றால், 46 ஆண்டுகள் இடம் கொடுத்தது அந்த இதழின் பெருமை. ஆசிரியர்கள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின, பத்தி நின்றது. ஒரு காட்டின் மாற்றம் ஒரு பருவத்தில் தெரிவதில்லை. பத்துப் பருவம் பார்த்தவர் சொல்லும்போதே தெரியும். அத்தகைய எழுத்துக்கு நிலையான இடமும், நியாயமான ஊதியமும், அலுவலர்களின் சினத்திலிருந்து காப்பும் வேண்டும். அவற்றோடு, சொன்ன தரவைச் சரிபார்க்கும் கண்டிப்பும், தவறு நேர்ந்தால் அதே இடத்தில் அதே அளவில் திருத்தம் வெளியிடும் ஒழுக்கமும் வேண்டும். இடம் கொடுத்துவிட்டுச் சரிபார்க்காமல் விடுவது வாசகருக்கு இழைக்கும் தீங்கு. சரிபார்க்க அஞ்சி இடமே கொடாதிருப்பது அதனினும் பெருந்தீங்கு.

தமிழ் நாளிதழ்களுக்கு இக்கடமை கூடுதலாக உண்டு. கிருஷ்ணன் 1940களிலும் 50களிலும் தமிழ் இதழ்களில் செறிவான தமிழில் இயற்கை பற்றி எழுதினார். அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார். பெ. நா. அப்புசாமி போன்றோர் அறிவியலைத் தமிழில் எழுத முடியுமா என்னும் வினாவை அதற்கு முன்பே முடித்துவைத்திருந்தார்கள். மொழி ஆயத்தமாக இருந்தது. எழுத்தாளர் ஆயத்தமாக இருந்தார். இருந்தும் அவருடைய வாழ்நாள் பத்தியைத் தாங்கியது கல்கத்தாவின் ஆங்கில நாளிதழ். யானை நடந்த மண்ணில் வாழ்ந்த தமிழ் வாசகர் அதைப் படிக்க வாய்க்கவில்லை. அந்த இழப்பைத் தமிழ் இதழுலகம் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்று நாம் கோருவது இது. ஒவ்வொரு தமிழ் நாளிதழும் சூழலியலுக்கும் அறிவியலுக்கும் கிழமைதோறும் ஒரு நிலையான பத்தியை ஒதுக்கட்டும். மலை மாவட்டப் பதிப்புகளில் அதை எழுதுவோர் மலையிலேயே வாழ்பவர்களாக இருக்கட்டும். சேரங்கோட்டுத் தோட்டத்தில் நாள்தோறும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, யானை எந்த மாதம் எந்தச் சரிவில் இறங்கும் என்பது தெரியும். வேட்டைத்தடுப்புக் காவலராகப் பணிபுரியும் பழங்குடி இளைஞருக்கு, எந்தப் புல் மறைந்தது என்பது தெரியும். அவர்கள் சொல்வதை எழுதி வாங்கவும், எழுத விரும்புவோரைப் பயிற்றவும், கூடலூரிலும் உதகையிலும் இருக்கும் கல்லூரிகள் முன்வரட்டும். வழித்தடங்கள், அயல் தாவரங்களை அகற்றும் பணி, உயிரிழப்பு ஆகியவை பற்றிய விவரங்களை வனத்துறையும் தேயிலைக் கழகமும் காலாண்டுதோறும் தமிழில் வெளியிடட்டும். சான்று கைக்கெட்டாத இடத்தில் வதந்தியே வளரும். கழகத்தின் நிலங்களை வனத்துறைக்குத் திருப்பும் முடிவு போன்றவை தொழிலாளரின் வேலையையும் யானையின் வழியையும் ஒருங்கே தொடுபவை. அவற்றின் நன்மை தீமைகளை இரு தரப்புச் சான்றோடும் வாதிடும் களம் நாளிதழில் இருக்க வேண்டும்.

எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்து தவறாக இருக்கும் நாளில், அதைச் சொல்ல ஒரு சமூகத்துக்கு ஒருவராவது வேண்டும். அவர் சொல்வதைச் சோதிக்க அறிவும், சோதித்துச் சரியென்று கண்டால் ஏற்கும் நேர்மையும் மற்றவர்களுக்கு வேண்டும். மா. கிருஷ்ணன் தம் பங்கை இறுதி நாள் வரை செய்துமுடித்தார். காலத்தே கேட்டிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடியவற்றுள் பெரும்பகுதியை இழந்துவிட்டோம். எஞ்சியிருப்பதைக் காக்க இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த கிருஷ்ணன் தமிழில் எழுதட்டும். அவரைச் சேரங்கோட்டிலும் கோட்டையிலும் ஒரே நாளில் படிக்கட்டும். படித்தவர்கள் அதன்படி நடக்கட்டும்.